அருள்பிரகாசம் வீட்டுப் பென்குயின்கள்

காசிமேட்டுப் பக்கம் போய் அருள்பிரகாசம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பென்குயின் வீடு எது என்று கேளுங்கள், மூன்று வயதுப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். கதவைத் திறந்ததும் இரண்டரை அடி உயரத்தில் ஒரு பென்குயின் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பூங்காக்களில் குப்பை போடுவதற்கு, வயிற்றில் 'யூஸ் மீ' என்று எழுதி ஒரு தொட்டி வைத்திருப்பார்களே, அதேதான். அலகு உடைந்துபோனதென்று ஒரு பூங்காக் காவலாளி கொடுத்ததை, ஷேர் ஆட்டோவில் அதற்கும் ஒரு சீட்டுக் காசு கொடுத்து உட்கார வைத்துக் கொண்டுவந்தார் அருள்பிரகாசம். ஏழு நாள் சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். எம்-சீல் வைத்து அலகை ஒட்டினார். அவர் அதற்குச் செய்த மரியாதை அத்தனையும் இரண்டே நாளில் போயிற்று. அவர் மனைவி அடைக்கலமேரி அதன் வாய்க்குள் வெங்காயம் போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே போனால் தலை சுற்றும். இருப்பதே இரண்டு அறை. முன் அறையில் மூன்று சுவரிலும் பலகை அடித்து, பலகை முழுக்கப் பென்குயின். பீங்கான், பிளாஸ்டிக், கண்ணாடி, பஞ்சு, சிப்பி. கவிழ்த்தால் தலையிலிருந்து உப்புக் கொட்டும் பென்குயின், சாவிக்கொத்து, பென்சில் டப்பா, ஃபிளாஸ்க், மணிக்கொரு தரம் இறக்கையை அடித்துக்கொள்ளும் சுவர்க் கடிகாரம். பென்குயின் போட்ட மிதியடி ஒன்றும் உண்டு. அதை யாரும் மிதிக்கக் கூடாது என்பதற்காகச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினாறு.

இதில் ஒன்றைக்கூட அவர் விலை கொடுத்து வாங்கியதில்லை என்பதுதான் சங்கதி. தானே வாங்கினால் அது சேர்த்தியில்லை என்று ஒரு பிடிவாதம். யாராவது பார்த்து, நினைத்து, கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டிவிடுவார். 'போட் மெக்கானிக் தௌசீஃப்', 'மீன் ஏலம் ரஹீமுன்னிசா அக்கா', 'என் மகள் ஜானட், முதல் சம்பளம்' என்று. விருந்தாளி வந்தால் பொம்மையின் முகத்தைக் காட்டமாட்டார். கவிழ்த்து, அடிப்பக்கத்தைத்தான் காட்டுவார்.

"பாத்தியா? இத்தினி பேருக்கு நம்ம மேல ஆசை கீது" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐம்பத்து நாலு வயதில், ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? பட்டமா, பதவியா? அந்த முந்நூற்றுப் பதினாறு துண்டுக் காகிதம்தான் அவருடைய சொத்து. பென்குயின் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்துவிட்டால் லேசில் விடமாட்டார். முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு, பனியில் இரண்டு மாசம் பட்டினியாக நிற்பது ஆண் பென்குயின்தான் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ! சொல்லும்போது தானே நின்றதுபோல முகத்தில் ஒரு பெருமை வரும்.

"அப்போ நம்ம ஜானட் பொறந்தப்ப நீ எங்கய்யா நின்னுகினு இருந்த?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். அத்தோடு பேச்சு முடியும்.

முதல் பென்குயின் வந்த கதையை அவர் வாயாலேயே ஊர் நூறு முறை கேட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கம்பெனியில் ஐஸ் இழுக்கிற ஆள். தகர டின்களில் தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். உறைந்ததும் தூக்கிச் சரிவுப் பலகையில் கவிழ்ப்பார்கள். ஆள் எடைக்கு ஒவ்வொரு கட்டியும் வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து, உடைக்கிற மிஷினுக்குத் தள்ள வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஐஸ் கம்பெனியில் அடி சறுக்காத ஆள் இருந்தால்தான் அதிசயம். ஒரு நாள் விடியற்காலை இரண்டு கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அருள்பிரகாசத்தின் இரண்டு கணுக்காலையும் உடைத்துப் போட்டுவிட்டன.

ஆறு வாரம் கட்டோடு படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மனுஷன் கேட்டாரா? இருபத்தைந்தாம் நாள், சீசன் போய்விடுமே, வேலையை வேறு எவனாவது பிடித்துக்கொள்வானே என்ற பயத்தில், மீன் வெட்டுகிற கத்தியால் மாவுக்கட்டைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. வலி போனால் சரி என்று அவரும் விட்டுவிட்டார். ஒரு நாள் எப்படியோ கம்பெனி வரைக்கும் நடந்துபோய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார். மறுபடியும் படுக்கைதான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கம்பெனியிலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி சௌக்கத் அலி பாய் முன்னால், மிஷின் ஓட்டுகிற ஜுபைர் கையில் கலர் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு பின்னால். பிரித்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு பீங்கான் பென்குயின். அருள்பிரகாசத்துக்கு அதுவரை பிறந்தநாளுக்குக்கூட யாரும் ஒரு குண்டூசி கொடுத்ததில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

"ஐஸ்லயே கெடக்கிறவனுக்கு ஐஸ்ல வாயற பறவையாவே தேடிப் புடிச்சுக் கொணாந்தீங்களாடா! உங்கள என் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்டா" என்று ஐந்து பேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடைக்கலமேரி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். மேஸ்திரி பாய் கம்பெனி முதலாளியிடம் பேசி, கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு மாசத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டே இருந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. மகள் ஜானட்டின் கல்யாணத்துக்கு அடித்த பேனரில் "'பென்குயின்' அருள்பிரகாசம் இல்லத் திருமண விழா" என்று போடச் சொன்னதே அவர்தான். பேனர்க் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தபோது, "பெருசாப் போடுப்பா" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைத் தேடிக்கொண்டு போன மே மாசம் நவ்ரீன் வந்தாள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர் மகள். கல்லூரியில் படித்துக்கொண்டே யூடியூப் சேனல் நடத்துகிற பெண். நம்ம ஏரியாவின் விசேஷமான ஆட்களை வீடியோ எடுத்துப் போடுவாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் கம்பெனியிலும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கேமராவோடு வந்துவிட்டாள். அருள்பிரகாசம் புதுச் சட்டை போட்டு, சட்டைப் பையில் பென்குயின் பேனா குத்திக்கொண்டு நின்றார்.

முதல் பென்குயினைக் கொடுத்தவர்களும் பேசினால் நன்றாக இருக்கும் என்று அவள் சொன்னாள். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. ரிட்டையர் ஆகிப் பேரப்பிள்ளைகளோடு இருந்த சௌக்கத் அலி பாயைக் கூப்பிட்டார். துபாயில் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஜுபைரையும் கூப்பிட்டார். தன் வினையைத் தானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது மாதிரி ஆகும் என்று அப்போது அவருக்குத் தெரியுமா?

பாய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நவ்ரீன் கேமராவை ஜுபைர் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், இந்த முதல் பென்குயினை வாங்கினது நீங்கதானாமே? பென்குயின் வாங்கணும்னு எப்படித் தோணுச்சு?"

ஜுபைர் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது.

"அத்த ஏம்மா கேக்குற! எங்க கம்பெனில ஆளுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. பேரு வெச்சா, அதுக்குத் தோதா ஒரு சாமான் வாங்கி அவன் கையிலயே குடுக்கணும். அவன் நம்மள நாலு திட்டுத் திட்டிட்டு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். அந்த டீயக் குடிச்சாத்தான் பேரு நிக்கும். அதான் ரூலு. மாமு கால் ஒடஞ்சு கெடந்துட்டு ஒரு நாள் கம்பெனி பக்கம் நடந்து வர்றாரு. வர்றாரு பாரு... டிவில காட்டுவான்ல, அச்சு அசல் அதேதான்! டேய், பென்குயின் வருதுடான்னு நான்தான் மொதல்ல சொன்னேன். கம்பெனியே உயுந்து உயுந்து சிரிச்சுது. இவரால டீக்கடை வரைக்கும் வர முடியாது. அதான் பர்மா பஜார்ல தேடிப் புடிச்சு வூட்டுக்கே எடுத்துகினு வந்தோம்."

சொன்னதோடு விட்டானா? எழுந்து, இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கம் திருப்பி, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம் அந்தப் பக்கம் ஒரு ஆட்டமாக நாலு அடி நடந்தும் காட்டினான். நவ்ரீன் தன்னை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ ஜுபைரு! வாய மூடு!"

கத்தியது சௌக்கத் அலி பாய். அந்தக் கத்தல்தான் கெடுத்தது. பாயும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால், ஜுபைர் எப்போதும் அடிக்கிற டமாஷு என்று அருள்பிரகாசம் நினைத்திருப்பார். நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தும் ஒருவரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், முகம் வெளிறி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இன்னா பாய்?" என்று ஜுபைர் விழித்தான். "அவருக்குத் தெரியாதா இன்னா? இத்தினி வருஷமாவா?"

சுவர்க் கடிகாரத்துப் பென்குயின் பதினோரு முறை இறக்கையை அடித்து ஓய்ந்தது. அருள்பிரகாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ தன்னைப் பிடித்து அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியது மாதிரி இருந்தது அவருக்கு.

அந்த ரூல் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பல் எடுப்பான ஒரு ஆளுக்குத் தேங்காய்த் துருவி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அந்த ஆள் திட்டிக்கொண்டே வாங்கிக் கொடுத்த டீயை, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக் குடித்தவர்தான். ஊரில் எல்லோருக்கும் வைப்பார்கள், கால் ஒடிந்து கிடக்கிற தனக்கு வைக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். கலர் காகிதம் சுற்றி வந்ததே! வீடு தேடி வந்தார்களே! அதுவும் ஐஸ் பறவை! ஐஸ்காரனுக்கு வேறு என்னதான் தோன்றும்?

"மாமு, நான் இன்னாத்த கண்டேன்..." என்று ஜுபைர் கிட்டே வந்தான். அருள்பிரகாசம் கதவைக் காட்டினார். மூன்று பேரும் வெளியே போனார்கள்.

அடைக்கலமேரி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதிர்ந்துபோய் நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் அதிர்ச்சி இல்லை. பயம்தான் இருந்தது.

"மேரி... உனுக்குத் தெரியுமா?"

அவள் முந்தானையைக் கையில் சுருட்டினாள்.

"சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

"மறுநாளே தெரியும்" என்றாள். "பாய் வந்து ஜன்னலாண்ட நின்னுகினு அயுதாரு. சிரிக்கலாம்னு கொணாந்தோம், அவன் கட்டிப் புடிச்சு அயுவறான், மனசு தாங்கல தங்கச்சி, அவனாண்ட சொல்லிடாதன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்? பேரு டீய என் கையாலயே போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஜானட்டுக்கு?"

"அஞ்சாங் கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லிக் காட்டிச்சு. இவ அவ கையைக் கடிச்சு வெச்சிட்டா. ஸ்கூல்ல கூப்ட்டு விட்டாங்களே, நாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. எதற்காகக் கடித்தாய் என்று அன்று மகளைப் பெல்ட்டால் அடித்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அடி வாங்கிக்கொண்டு நின்றதே தவிர, அந்தக் குழந்தை காரணம் சொல்லவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். இருபத்திரண்டு வருஷம், ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு! பேனர்க் கடைக்காரர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. 'பெருசாப் போடுப்பா' என்று சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவர் ஒருவர்தான், அதற்குச் சொந்தக்காரர்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பலகையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்து, அடியிலிருக்கும் பெயரைப் படித்தார். இது கேலியா? இது? ரஹீமுன்னிசா அக்கா நாலு நாள் வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா போனவள், சிப்பியில் செய்த பென்குயினைப் புடவைக்குள் சுற்றி உடையாமல் கொண்டுவந்தாளே, வழியெல்லாம் அவளும் சிரித்துக்கொண்டேதான் வந்திருப்பாளோ? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படித்துவிட்டு ஒவ்வொன்றையும் அரிசிச் சாக்கில் போட்டார். மூன்று சாக்கு நிறைந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

"நாளன்னிக்குச் சாயந்தரம் காயலான் கடைக்காரன வரச் சொல்லிட்டேன்" என்றார். "அந்தத் தொட்டில கீற வெங்காயத்த எடுத்துக்கோ."

வேறு நாளாக இருந்தால் அடைக்கலமேரி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அன்று மறுபேச்சுப் பேசாமல் வெங்காயத்தை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சௌக்கத் அலி பாய் தனியாக வந்தார். வெறும் பலகைகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

"அருளு, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அந்த மொத ஒன்னு மட்டும்தான் கேலிக்குக் குடுத்தோம். நீ அயுத உடனே எங்களுக்குச் செருப்பால அடிச்சாப்புல ஆய்ட்ச்சு. அப்பால வந்தது மொத்தமும் வெக்கத்துக்குக் குடுத்தது. புச்சா வேலைக்கு வர்ற பசங்களாண்டகூட, எங்கனா பென்குயின் பாத்தா அண்ணனுக்கு வாங்கியான்னு நான்தான் சொல்லி வெப்பேன். மார்க்கெட்டுக்கும் நான்தான் சொன்னேன்."

அருள்பிரகாசம் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரே நாளில் அருள்பிரகாசத்துக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கேலிக்கு ஒன்னு. வெக்கத்துக்கு முன்னூத்திப் பதினஞ்சு" என்றார். "ஆசைக்கு எத்தினி பாய்?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார். போனபிறகு அருள்பிரகாசத்துக்கு நெஞ்சே வெந்தது. தனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். அந்த வேலையும் வெட்கத்துக்குக் கொடுத்ததுதானா என்று கேட்காமல் விட்டோமே என்றும் இருந்தது, கேட்காமல் விட்டதே நல்லது என்றும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நவ்ரீன் வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, திருடி மாட்டிக்கொண்டவள்போல நின்றாள்.

"ஸாரி அங்கிள். நான் சிரிச்சிருக்கக் கூடாது. ஜுபைர் அங்கிள் பேசினது பூரா வெட்டிட்டேன். மிச்சத்தைப் பாருங்க. போட வேணாம்னா இப்பவே உங்க முன்னாடியே அழிச்சிடறேன்."

"அயிச்சிடு" என்றார் அருள்பிரகாசம், பார்க்காமலே.

"உள்ள வா கண்ணு. ஒரு தபா பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் அடைக்கலமேரி. நவ்ரீன் லேப்டாப்பைத் திறந்து ஒரு சாக்கு மூட்டையின் மேல் வைத்தாள்.

வீடியோ அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தொடங்கியது. இரண்டு பேரும் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். சந்தின் தொடக்கத்தில் நின்று, பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். வெயில், இரண்டு பக்கமும் சுவர், நடுவில் அருள்பிரகாசத்தின் முதுகு.

அவர் தான் நடப்பதை அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. கல்யாண வீடியோக்களில் எல்லாம் உட்கார்ந்திருப்பார். இப்போதுதான் பார்த்தார். அவரைவிட இதை வேறு யார் அடையாளம் கண்டுகொள்ள முடியும்? எத்தனை ஆயிரம் மணி நேரம் டிவியில் பார்த்திருக்கிறார்! பாதம் வெளியே திரும்பி, உடம்பு இடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு, கை இரண்டும் விலாவிலிருந்து கொஞ்சம் விலகி. ஜுபைர் நடித்துக் காட்டியது கொஞ்சம்கூட மிகை இல்லை. பொய் சொல்லவில்லை பாவி. அவமானத்தில் அவருக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது.

நிறுத்து என்று சொல்லக் கையைத் தூக்கினார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

பக்கத்தில் அடைக்கலமேரி நடந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப் புடவை, தோளில் பை. அவர் இடது பக்கம் சாய்ந்தால் அவளும் இடது பக்கம் சாய்ந்தாள். அவர் வலது பக்கம் ஆடினால் அவளும் வலது பக்கம் ஆடினாள். அதே பாதம், அதே ஆட்டம், அதே விலகிய கை. ஒடியாத காலை வைத்துக்கொண்டு ஒருத்தி அப்படி நடப்பாளா?

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டார். "கேமரா வந்த அன்னிக்கு நீயும் சேர்ந்துகினியா? ரோட்ல என் பக்கத்துல நடந்துகினே என்ன மாரியே நடிச்சுக் காட்றியா? நீயுமா மேரி?"

அடைக்கலமேரி குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளும் தன்னை நடக்கப் பார்த்ததில்லை.

"நான் நடிக்கலய்யா" என்றாள் மெதுவாக. "நான் இப்டியா நடக்கிறேன்? இன்னுமா?"

"இன்னுமான்னா?"

அவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீ எய்ந்து நடக்க ஆரம்பிச்ச புச்சுல, சர்ச்சுக்குப் போறப்போ சந்துல பசங்க நின்னுகினு உன்னையே பாப்பானுங்க. உனுக்குத் தெரியாது, நீ பாட்டுக்குப் போய்கினு இருப்ப. எனுக்கு வயிறு எரியும். அதான் நானும் உன் கூடவே ஆடி நடக்க ஆரம்பிச்சேன். ஒருத்தர் ஆடி நடந்தா ஆளப் பாப்பாங்க. ரெண்டு பேரு ஆடி நடந்தா ரோட்டப் பாப்பாங்க. கொஞ்ச நாளு அப்டிப் பண்ணலாம்னுதான் நெனச்சேன்."

அருள்பிரகாசம் அவளைப் பார்த்தார். நவ்ரீனும் பார்த்தாள்.

"தனியா நட பாக்கலாம்" என்றார் அவர். "கதவு வரைக்கும் போய்ட்டு வா. நேரா நட."

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்த்தாள். முதல் அடி சரியாக இருந்தது. இரண்டாவது அடியில் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. நின்று, சமாளித்துக்கொண்டு, மறுபடியும் அடி எடுத்து வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது. கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று, தப்புச் செய்த பிள்ளைபோலச் சிரித்தாள்.

"வர்ல" என்றாள்.

அருள்பிரகாசம் சாக்கு மூட்டையின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது, மனுஷர் நடக்க லாயக்கில்லை என்று அவர் இதுவரை மூன்று முறை மாநகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். ரோடு போட வந்தவர்களோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருக்கிறார். நல்லாத்தானே பெரியவரே இருக்கு என்று அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அவர் என்ன செய்வார், பக்கத்தில் நடந்து வருகிற நல்ல கால்காரியே தள்ளாடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கிறாரே!

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மூட்டையின் முடிச்சை இழுத்து இழுத்து அவிழ்க்கத் தொடங்கினார்.

"நானும் ரோட்டத்தான் பாத்துகினு இருந்தேன் மேரி" என்றார்.